சாமையும் உலக்கையும்

நாமக்கல் சமவெளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து கொல்லிமலைக்கு ஏறிச் செல்லும் யாத்திரிகர், அறப்பளீசுவரரைத் தரிசித்து, ஆகாய கங்கையில் நீராடி, பொழுது சாய்வதற்குள் இறங்கிவிட வேண்டும் என்ற அவசரத்தில், சாலையோரச் சரிவுகளை மூடி நிற்கும் பயிர் இன்னதென்று பெரும்பாலும் கவனிப்பதில்லை. அந்தப் பயிர்களில் முக்கியமானது மரவள்ளி. அதன் கிழங்கு லாரிகளில் இறங்கிச் சேலம், நாமக்கல், ஆத்தூர் வட்டாரங்களில் உள்ள ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகிறது. வல்வில் ஓரியின் நாடு என்று சங்கப் பாடல்கள் குறிக்கும் அதே மலையில், இரண்டு தலைமுறைகளுக்கு முன்பு வரையில், மலையாளி என்னும் பழங்குடி மக்கள் விதைத்து, காத்து, அறுத்து உண்டவை சாமையும் தினையும் கேழ்வரகும் பனிவரகும்தாம். சாமை என்ற ஒரே தானியத்தில் மட்டும் கட்டவெட்டிச் சாமை, மல்லியச் சாமை, திரிகுளச் சாமை, பெருஞ்சாமை என்று பல ரகங்களைப் பிரித்தறிந்து, எந்தச் சரிவுக்கு எது ஏற்றது, எந்த மழைக்கு எது தாங்கும் என்ற ஞானத்தை எழுத்தின் துணையின்றியே சந்ததி சந்ததியாகக் காப்பாற்றி வந்தவர்கள் அவர்கள். தினையிலும் செந்தினை, பெருந்தினை, மூக்கன் தினை என்ற ரகங்கள் அங்கே உண்டு.

இத்தகைய தானியங்கள் ஏன் நம்மை விட்டு விலகின என்று கேட்டால், நாகரிக மோகத்தின் விளைவு என்று ஒரு சாராரும், பசுமைப் புரட்சியின் விளைவு என்று மற்றொரு சாராரும் விடை சொல்வார்கள். இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் மேடைதோறும் புகழப்பட்டு, கடைதோறும் அழகிய உறைகளில் விற்கப்பட்டு, அரசாங்கங்களாலும் ஐக்கிய நாடுகள் சபையாலும் கொண்டாடப்பட்ட பின்னரும், சாமையும் வரகும் குதிரைவாலியும் வயலுக்குத் திரும்ப இன்னும் தயங்கி நிற்பதேன் என்ற கேள்விக்கு அவ்விடைகள் போதமாட்டா. இத்தானியங்களின் சரித்திரத்தில் வயலைக் காட்டிலும் உரலுக்கே பெரிய ஸ்தானம் உண்டு என்பதும், அந்த உரலடியில் நின்று உலக்கை பிடித்த பெண்ணின் சிரமத்தைத் தீர்க்காமல் எந்தப் புகழுரையும் இப்பயிரை மீட்டுத் தராது என்பதும் என் திடமான அபிப்பிராயம்.

சிறுதானியம் என்ற பொதுப்பெயரால் நாம் குறிப்பவை யாவும் ஒரே இயல்புடையவை அல்ல. சோளம், கம்பு, கேழ்வரகு ஆகிய மூன்றும் அடித்துத் தூற்றிய உடனேயே ஏறக்குறைய உண்ணத் தகுந்த நிலைக்கு வந்துவிடும் தானியங்கள். அவற்றை நேரே திருகையிலோ மாவு ஆலையிலோ இட்டு அரைத்துக் களியோ கூழோ அடையோ செய்துகொள்ளலாம். கம்பைச் சிறிது இடித்துப் புடைத்தால் சோறாகவும் ஆகும். ஆனால் சாமை, தினை, வரகு, குதிரைவாலி, பனிவரகு ஆகிய ஐந்தும் நெல்லைப் போலவே உமி மூடியவை. மணியோ நெல்மணியைவிட மிகச் சிறியது. உமியோ பளபளப்பும் கடினமும் வாய்ந்தது. அவற்றுள்ளும் வரகின் மேலுறை பல அடுக்குகளாக இறுகியிருப்பதால், அதிலிருந்து அரிசியைப் பிரித்தெடுப்பது மற்றெல்லாவற்றையும் விடக் கடினம். இந்தப் பேதத்தை மனத்தில் வைத்துக்கொண்டால், கேழ்வரகும் கம்பும் எப்படியோ தாக்குப்பிடித்து நம் சமையலறையில் ஒரு மூலையிலாவது தங்கியிருக்க, சாமையும் வரகும் ஏன் ஒரு தலைமுறைக்குள்ளேயே மறைந்துபோயின என்பது தானே விளங்கும்.

பூர்வீகத்திலும் இவை ஒன்றல்ல. கேழ்வரகின் தாயகம் எத்தியோப்பியா, உகாண்டா முதலிய கிழக்கு ஆப்பிரிக்க மேட்டு நிலங்கள். கம்பு சகாரா பாலைவனத்தின் தென் விளிம்பிலும், சோளம் சூடான் பிரதேசத்திலும் முதன்முதல் மனிதன் கைக்கு வசப்பட்டவை. தினையையும் பனிவரகையும் ஏறத்தாழ 8,000 ஆண்டுகளுக்கு முன்பே வட சீனத்தார் பயிரிட்டனர். சாமையும் வரகும் குதிரைவாலியும் மாத்திரமே இந்த மண்ணிலேயே காட்டுப் புல்லாக இருந்து பயிராக உயர்ந்தவை. இருந்தபோதிலும், கடல் கடந்து வந்த கேழ்வரகு தருமபுரி, கிருஷ்ணகிரி மலைப்பாங்கான பூமியிலும், கர்நாடகத்தின் செம்மண் காடுகளிலும், பல்லாயிரம் ஆண்டுப் பழக்கத்தால் முற்றும் சுதேசியாகவே ஆகிவிட்டது. அதை அந்நியப் பயிர் என்று சொன்னால் அந்த ஊர்க் குடியானவர் நம்பவே மாட்டார்.

இனி, இப்பயிர்கள் நிலத்திற்கும் நீருக்கும் இணக்கமானவை என்று சொல்லப்படுவதன் காரணத்தைப் பார்ப்போம். நெல்லும் கோதுமையும் காற்றிலுள்ள கரியமில வாயுவை நேரடியாகப் பற்றித் தம் உணவைத் தயாரிக்கின்றன. வெயில் கடுமையாகும்போது, அவ்வாயுவைப் பற்ற வேண்டிய நொதி தடுமாறிப் பிராணவாயுவைப் பற்றிக்கொள்வதால், அவை சேர்த்த சக்தியில் ஒரு பகுதி விரயமாகிறது. சிறுதானியங்களோ, மக்காச்சோளத்தையும் கரும்பையும் போல, கரியமில வாயுவை முதலில் நான்கு கரி அணுக்கள் கொண்ட அமிலமாக மாற்றி, இலையின் உட்புறத்தில் நரம்புகளைச் சூழ்ந்துள்ள தனி அறைகளுக்கு அனுப்பி, அங்கே அதைச் செறிவாக விடுவித்து உபயோகிக்கின்றன. இதனால் அந்த விரயம் பெரும்பாலும் நேருவதில்லை. இலைத்துளைகளை அகலத் திறந்து வைக்கும் அவசியமும் குறைவதால், அவ்வழியே ஆவியாகிப் போகும் நீரும் குறைகிறது. நெல்லுக்கு ஒரு போகத்தில் ஏறத்தாழ 1,200 மில்லிமீட்டர் நீர் வேண்டியிருக்க, கேழ்வரகு அதில் மூன்றில் ஒரு பங்கு, அல்லது சற்று மிகுதியான நீரைக் கொண்டு விளைந்துவிடுகிறது. பனிவரகு 65 முதல் 75 நாட்களுக்குள் அறுவடைக்கு வந்துவிடுவதால், பருவமழை பிந்தி வந்து, மற்றப் பயிருக்கெல்லாம் காலம் கடந்துபோன வருஷத்திலும், அதை விதைத்து ஒரு வாய்ச் சோற்றுக்கு வழி தேடிக்கொள்ளலாம். நீர் தேங்கிய நெல்வயலில் பிராணவாயு அற்ற சேற்றிலிருந்து மீதேன் வாயு எழுந்து பூமியின் வெப்பத்தைக் கூட்டுகிறது என்பது இன்று எல்லோரும் அறிந்த விஷயம். மானாவாரிப் புஞ்சையில் நிற்கும் சாமைக்கு அந்தத் தோஷம் இல்லை.

ஆனால் இப்பயிரின் சிறப்பைத் தனிப்பயிராக மட்டும் வைத்து அளப்பது பூரணமான மதிப்பீடு ஆகாது. நம் மேட்டுநிலக் குடியானவர்கள் கேழ்வரகை ஒருபோதும் தனியே விட்டவர்கள் அல்லர். சில வரிசை கேழ்வரகுக்கு ஒரு வரிசை அவரையோ துவரையோ தட்டைப்பயறோ போட்டு, வரப்போரம் ஆமணக்கு ஊன்றி, நடுநடுவே கடுகையும் எள்ளையும் தூவி, ஒரே காட்டிலிருந்து தானியம், பருப்பு, எண்ணெய், மாட்டுக்குத் தட்டு ஆகிய நான்கையும் எடுத்துக்கொண்டார்கள். பயறுவகைகளின் வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணுக்குக் கொடுத்தன. மழை தவறி ஒன்று பொய்த்தாலும் மற்றொன்று கை கொடுத்தது. விளைந்த கேழ்வரகைச் சேமிப்பதும் எளிது. மணி மிகச் சிறிதாகையால் வண்டும் அந்துப்பூச்சியும் அதைத் துளைத்துக் குடியிருக்க இயலாமல், நன்கு உலர்த்திய கேழ்வரகு குதிரிலும் நிலவறையிலும் பல வருஷம் கெடாமல் கிடக்கும். வரகும் அத்தகையதே. கோயில் குடமுழுக்கின்போது கோபுரக் கலசங்களில் பழைய வரகை நீக்கிப் புது வரகை நிரப்புகிற சம்பிரதாயம் இன்றும் நம் கண்முன் நடந்து வருகிறது. பஞ்சத்தை நேரில் கண்டு வாழ்ந்த ஒரு சமுதாயம், நீண்ட காலம் இருந்தும் கெடாத தானியத்தைத் தன் ஊரின் மிக உயர்ந்த இடத்தில் வைத்தது மிகப் பொருத்தம் என்றே நான் நினைக்கிறேன்.

இவ்வளவு குணம் நிறைந்த தானியத்தைப் புஞ்சைக் காட்டு மக்கள் மனம் விரும்பித்தான் உண்டார்களா என்று கேட்டால், ஆம் என்று உடனே சொல்லிவிட முடியாது. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மட்டுமே அடுப்பேறிய அரிசிச் சோற்றை அவர்கள் ‘நெல்லுச்சோறு’ என்று அடைமொழி சேர்த்து அழைத்ததிலிருந்தே, சோறு என்றால் அவர்களுக்குச் சாமைச் சோறும் கம்மஞ்சோறும்தான் என்பதும், நெல்லுச்சோறு செல்வர் வீட்டுப் பண்டம் என்பதும் தெரிகின்றன. ஆகவே, 1967இல் ரூபாய்க்கு ஒரு படி அரிசி என்ற வாக்குறுதி தேர்தல் மேடைகளில் முழங்கியபோது, அது பசித்த மக்களின் வயிற்றுக்கு மட்டுமின்றி, அவர்களுடைய கௌரவ உணர்ச்சிக்கும் விடையாக அமைந்தது. அதன்பின் நியாயவிலைக் கடைகள் குக்கிராமம் வரை பரவின. 2008இல் கிலோ ஒரு ரூபாய்க்கும், 2011 முதல் இலவசமாகவும் அரிசி கிடைத்தது. அடுப்பெரியாத வீடுகளில் அடுப்பை எரியச் செய்த அந்த ஏற்பாட்டைக் குறை கூற எனக்கு மனமில்லை. பட்டினியின் கொடுமையை அறிந்தவர் எவரும் குறை கூறார். எனினும், அதன் உடன்விளைவாகச் சாமை விதைத்தவர் சாமை விதைக்க வேண்டிய தேவையே இல்லாது போயிற்று என்பதைச் சொல்லாமல் இருக்க முடியாது. மலிவாக அரிசி கிடைக்கும்போது, தன் நிலத்தைப் பணம் தரும் பயிருக்கு ஒதுக்குவதே குடும்பத்துக்கு நன்மை என்று கொல்லிமலைக் குடியானவர் முடிவு செய்தார், மரவள்ளி வந்தது. 1960களின் நடுவில் இந்தியா முழுவதும் சுமார் 3.7 கோடி ஹெக்டேரில் நின்ற சிறுதானியங்கள், அடுத்த ஐம்பது ஆண்டுகளில் 1.5 கோடி ஹெக்டேருக்கும் கீழே சுருங்கிவிட்டன.

இப்போது உரலுக்கு வருவோம். ஒரு குடும்பத்தின் இராச்சோற்றுக்குச் சாமை அரிசி வேண்டுமானால், முதலில் தானியத்தை வெயிலில் பதமாகக் காயவைக்க வேண்டும்; அதிகம் காய்ந்தால் அரிசி நொறுங்கும், குறைவாகக் காய்ந்தால் உமி பிரியாது. பின்பு உரலில் இட்டு, பெரும்பாலும் இருவர் எதிரெதிரே நின்று, மாற்றி மாற்றி உலக்கை போட வேண்டும். ஒருமுறை குத்தியதும் முறத்தில் இட்டுப் புடைத்து, உமியைத் தள்ளி, உமி பிரியாத மணிகளை மீண்டும் உரலில் இட்டுக் குத்த வேண்டும்; இரண்டு மூன்று தடவை இவ்வாறு செய்த பின், தானியத்தைப் போலவே பருமனுள்ள மணலையும் சிறு கல்லையும் நீரில் அரித்து நீக்க வேண்டும். வரகானால் உரல் மட்டும் போதாது. மண் பூசிய திருகையில் இட்டு அரைத்து உமியைத் தளர்த்தும் வழக்கம் சில வட்டாரங்களில் இருந்தது. இந்த வேலை முழுவதும் காட்டில் களையெடுத்துவிட்டு, விறகு சுமந்து, குழந்தைக்குப் பாலூட்டிவிட்டு வந்த பெண்ணின் தலையில் விழுந்தது. அவளுடைய தோள்வலிக்கும் உள்ளங்கைக் காப்புக்கும் யாரும் கணக்கு எழுதி வைக்கவில்லை. சாமைச் சோற்றின் சுவையைப் பற்றி இன்று ஆசையோடு நினைவுகூரும் முதியவர்களில் ஆண்களையும் பெண்களையும் தனித்தனியே கேட்டுப் பாருங்கள்: ஆண்கள் சோற்றின் ருசியைச் சொல்வார்கள், பெண்களோ, ருசியைச் சொல்வதற்கு முன் உலக்கையைச் சொல்வார்கள். நியாயவிலைக் கடை அரிசியும் ஊர் நடுவே வந்த நெல் ஆலையும் அந்தப் பெண்களுக்கு அளித்த விடுதலையை எண்ணிப் பார்த்தால், அவர்கள் சிறுதானியத்தைக் கைவிட்டது தவறென்று சொல்ல யாருக்கு வாய் வரும்?

நெல் ஆலையிலேயே சாமையையும் குத்திக்கொள்ளலாமே என்று தோன்றலாம். நெல்லின் பருமனுக்கென்று அமைத்த உருளைகளுக்கிடையே இச்சிறு மணிகள் குத்துப்படாமல் நழுவும், அல்லது இடைவெளியைக் குறைத்தால் நொறுங்கிக் குருணையாகும். ஆகவே இவற்றுக்கென வேறு தத்துவத்தில் அமைந்த இயந்திரம் தேவைப்பட்டது. வேகமாகச் சுழலும் தட்டொன்றின் நடுவே தானியத்தை விழச் செய்தால், அது விசையோடு வெளியே வீசப்பட்டுச் சுற்றுச்சுவரில் மோதும். அந்த மோதலில் உமி வெடித்துப் பிரியும். பிறகு காற்றாடி உமியை ஊதித் தள்ளிவிடும். கேட்பதற்கு எளிதாக இருந்தாலும், உள்ளே செல்லும் மணிகள் ஒரே அளவாக இல்லாவிட்டால், பெரியவை உடைந்துபோகும். சிறியவை உமியோடு தப்பிவிடும். எனவே கல் நீக்கும் சல்லடையும், பருமன் வாரியாகப் பிரிக்கும் சல்லடையும், இயந்திரத்துக்கு முன்னும் பின்னும் இருந்தாக வேண்டும். எல்லாம் செம்மையாக நடந்தால் 100 கிலோ சாமையில் ஏறத்தாழ 60 முதல் 65 கிலோ அரிசி கிடைக்கும். சற்றுத் தவறினாலும் குருணையும் தவிடும் மிகுந்து ஆலைக்காரருக்கு நஷ்டமே மிஞ்சும். இத்தகைய ஆலைகள் விளைநிலத்துக்கு அருகே இல்லாததால், நம் மலைகளில் விளைந்த தானியம் நெடுந்தூரம் பிரயாணம் செய்து, மகாராஷ்டிரத்தின் நாசிக் வரை போய், அங்கே அரிசியாகி மீண்டும் நம் கடைக்கு வந்த காலமும் உண்டு. விளைவித்தவர் தானியத்தை மலிவாக விற்க, நகரத்தார் அதன் அரிசியைப் பன்மடங்கு விலைக்கு வாங்கும் அதிசயத்தின் காரணம் பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது. இன்னும் பெரிய கொடுமை, விளைவித்த குடும்பமே அதை உண்ண வழியின்றி, முழுதும் விற்றுவிட்டு அரிசி வாங்கிச் சமைப்பது.

இந்த முடிச்சைச் சரியான இடத்தில் அவிழ்க்க முயன்றவர்களுள், பேராசிரியர் எம். எஸ். சுவாமிநாதன் 1988இல் சென்னையில் நிறுவிய ஆராய்ச்சி நிறுவனத்தைக் குறிப்பிட வேண்டும். உயர்விளைச்சல் கோதுமையும் நெல்லும் பரவக் காரணமாக இருந்த அதே விஞ்ஞானி, தம் பிற்கால வாழ்க்கையில் மலைச்சரிவின் மறக்கப்பட்ட தானியங்களின்பால் கவனத்தைத் திருப்பியது போற்றத்தக்க செயல். 1990களில் கொல்லிமலையில் பணியைத் தொடங்கிய அந்நிறுவனத்தார், அழிந்துகொண்டிருந்த நாட்டு ரகங்களின் விதைகளைத் திரட்டி ஊர்களிலேயே விதை வங்கிகள் அமைத்ததோடு நிற்கவில்லை. சிற்றூர்களில் சிறிய உமிநீக்கும் இயந்திரங்களை நிறுவி, அவற்றை இயக்கும் பொறுப்பைச் சுயஉதவிக் குழுப் பெண்களிடமே ஒப்படைத்தார்கள். குத்திய அரிசியையும் மாவையும் உறையிட்டு விற்கும் வேலையும் அவர்களைச் சேர்ந்தது. பின்னர் மதுரை மாவட்டத்துப் பேரையூர்ப் பகுதியில் குதிரைவாலிக்கும், கிருஷ்ணகிரி மாவட்டத்து அஞ்செட்டியிலும் ஜவ்வாது மலையிலும் சாமைக்கும், தானம் அறக்கட்டளையும் கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகமும் பிறரும் இணைந்து இதே வழியில் முயற்சிகள் செய்தன. மரவள்ளியைக் கொல்லிமலையிலிருந்து யாரும் விரட்டிவிடவில்லை. விரட்ட வேண்டும் என்பதும் என் கருத்தன்று. ஆனால் எந்த ஊரில் இயந்திரம் ஓடியதோ, அந்த ஊர்ப் பெண்களுக்குத் தாம் விளைவித்ததைத் தாமே உண்ணும் வாய்ப்பு மீண்டும் கிட்டியது.

விதையைச் சீர்திருத்தும் ஆராய்ச்சி மட்டும் நம் நாட்டில் வெகுகாலமாகவே நடந்து வருகிறது. கோயம்புத்தூரில் சிறுதானிய ஆராய்ச்சிக்கென ஒரு நிலையம் 1923இலேயே தொடங்கிற்று. அங்கே தானிய நிபுணராக இருந்த ஜி. என். ரங்கசுவாமி ஐயங்கார், அந்நாளில் எவரும் பொருட்படுத்தாத இப்புல்லினங்களின் பூவையும் மணியையும் பொறுமையாக ஆராய்ந்து, விரிவான கட்டுரைகளாக எழுதி வைத்தார். இன்று திருவண்ணாமலையை அடுத்த அத்தியந்தலில் சிறுதானியங்களுக்கெனவே ஒரு மகத்துவ மையம் இயங்குகிறது. ஆனால் இத்துறையில் என் மனத்தைப் பெரிதும் கவர்ந்தவர், மண்டியா விசுவேசுவரய்யா கால்வாய்ப் பண்ணையில் உழைத்த லட்சுமணய்யா. கேழ்வரகின் பூ மிக நுண்ணியது. அது தன்னைத்தானே கருவுறச் செய்துகொள்வதால், ஒரு செடியை இன்னொரு செடியோடு கலப்பது பெரும் பிரயாசையான காரியம். அதை விடாமுயற்சியோடு சாதித்து, இந்திய ரகங்களை ஆப்பிரிக்க ரகங்களோடு இணைத்து, இரண்டு கண்டங்களின் பெயரையும் சேர்த்து ‘இண்டாஃப்’ என்று வழங்கிய ரகங்களை அவர் உருவாக்கினார். அவற்றால் கர்நாடகத்தில் கேழ்வரகு விளைச்சல் பெருகியது. ராகி லட்சுமணய்யா என்று உழவர்கள் அவரை அன்போடு அழைத்தார்கள். தேசத்தின் கவனம் முழுவதும் நெல்லின் மீதும் கோதுமையின் மீதும் இருந்த அந்தப் பத்தாண்டுகளில், ஒரு மனிதரின் ஈடுபாடு ஒரு பயிரை அழியாமல் காத்தது என்று சொன்னால் மிகையாகாது.

அரசாங்கத்தின் பார்வையும் மெல்ல மாறிவந்திருக்கிறது. ‘முரட்டுத் தானியங்கள்’ என்ற பொருளில் ஆவணங்களில் வழங்கிய பெயரை நீக்கி, ஊட்டச்சத்துத் தானியங்கள் என்று 2018இல் மத்திய அரசு அறிவித்தது. இந்தியாவின் பிரேரணையை ஏற்று, ஐக்கிய நாடுகள் சபை 2023ஆம் ஆண்டைச் சர்வதேசச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. குறைந்தபட்ச ஆதரவு விலையில் 2024-25ஆம் ஆண்டுக்குச் சாதாரண நெல் குவிண்டாலுக்கு 2,300 ரூபாய் என்றிருக்க, கேழ்வரகுக்கு 4,290 ரூபாய் நிர்ணயிக்கப்பட்டது. ஒடிசா மாநிலம் 2017இல் தொடங்கிய இயக்கத்தின் மூலம் பழங்குடி மக்களின் கேழ்வரகை நேரடியாகக் கொள்முதல் செய்து, அங்கன்வாடிக் குழந்தைகளுக்குக் கேழ்வரகு உருண்டை வழங்குகிறது. தமிழ்நாட்டிலும் 2023 முதல் தருமபுரி, நீலகிரி மாவட்டங்களின் நியாயவிலைக் கடைகளில் குடும்ப அட்டைக்கு 2 கிலோ அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு கொடுக்கும் ஏற்பாடு நடைமுறைக்கு வந்தது. உள்ளூரில் விளைந்ததை உள்ளூரிலேயே வாங்கி உள்ளூரார்க்கே கொடுக்கும் இம்முறை, விழாக்களைவிடப் பன்மடங்கு பயனுள்ளது. ஆனால் ஆதரவு விலை சோளம், கம்பு, கேழ்வரகு என்ற அளவோடு நின்றுவிடுகிறது. சாமைக்கும் வரகுக்கும் தினைக்கும் அத்தகைய விலையை மத்திய அரசு அறிவிப்பதில்லை. உமியோடு பிறந்த தானியங்கள் இங்கேயும் பின்னுக்குத் தள்ளப்பட்டிருக்கின்றன.

வயலிலேயே இன்னொரு சிக்கலும் காத்திருக்கிறது. வெளியூரிலிருந்து சிறுதானியத்தைப் புகழ்பவர்களுக்கு அது எளிதில் புலப்படுவதில்லை. குறிஞ்சி நிலத்துப் பெண்கள் பரண்மீதேறி, தட்டை, குளிர் என்னும் கிளியோட்டும் கருவிகளை ஒலித்தும், கவண்கல் எறிந்தும் தினைப்புனத்தில் கிளிகடிந்த காட்சியைச் சங்கப் பாடல்கள் திரும்பத் திரும்பச் சித்திரிக்கின்றன. வள்ளி கதையும் அந்தப் புனத்திலேயே பிறக்கிறது. அது வெறும் கவிச் சுவைக்காக அமைந்த காட்சி அன்று; பறவைக்கு இத்தானியங்களில் உள்ள ஆசை அவ்வளவு பெரியது. ஊர் முழுவதும் தினை விதைத்த காலத்தில் பறவைகளின் பங்கு எல்லாக் காடுகளுக்கும் பரவியதால் எவருக்கும் அது பாரமாக இல்லை. இன்று சுற்றிலும் மரவள்ளியும் மக்காச்சோளமும் நிற்க, ஒருவர் மாத்திரம் துணிந்து அரை ஏக்கர் தினை விதைத்தால், சுற்றுவட்டாரக் குருவியும் கிளியும் மயிலும் அந்த அரை ஏக்கரையே நாடி வந்துவிடும். காவலுக்கு ஆள் வைத்தால் கூலி கட்டாது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள், போகத்தான் வேண்டும். ஆகவே, இப்பயிரைத் தனியொருவர் மீட்க இயலாது. பக்கத்துப் பக்கத்துக் காட்டுக்காரர்கள் கூடிப் பேசி, ஒரே பருவத்தில், ஒரே வட்டாரமாக விதைத்தால்தான் அது நிலைக்கும்.

உண்பதைப் பற்றியும் சில வார்த்தை சொல்ல வேண்டும். ஏனெனில் இவ்விஷயத்தில் மிகைப்படுத்திப் பேசும் வழக்கம் பெருகிவிட்டது. நூறு கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்து இருக்கிறது. அரிசியில் இருப்பது 10 மில்லிகிராம் அளவே. கம்பில் இரும்புச்சத்தும், எல்லாவற்றிலும் நார்ச்சத்தும் சிறந்து விளங்குகின்றன. ஆயினும், இச்சத்துகளை உடல் கிரகித்துக்கொள்வதைத் தடுக்கும் ஃபைட்டேட் என்ற பொருளும் இவற்றில் உண்டு. நம் முன்னோர் கேழ்வரகை முளைகட்டியும், கூழை இரவெல்லாம் புளிக்க வைத்தும் உண்டது அந்தத் தடையைக் குறைத்துவிடுகிறது. ஆடி மாதத்தில் மாரியம்மன் கோயில்களில் ஊற்றும் கூழ் இந்த அனுபவ ஞானத்தில் விளைந்ததே. நீரிழிவுக்கு இவை மருந்து என்று கூறுவதும் பொருந்தாது: முழுமணியாகவோ குருணையாகவோ சமைத்துக் காய்கறி, பருப்போடு உண்டால் இரத்தத்தில் சர்க்கரை நிதானமாக ஏறும்; மை போல அரைத்த மாவில் கஞ்சி காய்ச்சி, சர்க்கரையும் சேர்த்துக் குடித்தால் அந்த நன்மை வெகுவாகக் குறைந்துபோகும்.

கடையில் பளிச்சென்று வெண்மையாகத் தோன்றும் சாமை அரிசியைப் பற்றியும் எச்சரிக்கை தேவை. உமியை மட்டும் நீக்கிய சாமை அரிசி மங்கிய பழுப்பு நிறமாக இருக்கும். அதன்மேல் படிந்த தவிட்டில்தான் நார்ச்சத்தும் தாதுக்களும் உள்ளன. அந்தத் தவிட்டில் எண்ணெய்ப்பசையும் இருப்பதால் சில வாரங்களில் சிக்குவாடை அடித்துவிடும். அதற்கு அஞ்சி ஆலைக்காரர்கள் தவிட்டைத் தேய்த்து நீக்கிவிடுகிறார்கள். அவ்வாறு தீட்டிய பிறகு, அதை அரிசிக்கு மாற்றாக அதிக விலை கொடுத்து வாங்குவதில் பெரிய பயன் எதுவும் எஞ்சுவதில்லை. தீட்டாத அரிசியைச் சிறிது சிறிதாக, குத்திய சூட்டோடு வாங்கி உண்பதே முறை. அதற்கும் அருகிலேயே ஆலை வேண்டும் என்ற இடத்துக்கே மீண்டும் வந்து நிற்கிறோம்.

ஆகையால் வாசகர்களிடம் எனது வேண்டுகோள் இது. வாரத்தில் இரண்டு வேளையேனும் கேழ்வரகோ கம்போ சாமையோ உங்கள் வீட்டில் சமையுங்கள். முடிந்தவரை விவசாயிகளின் கூட்டு நிறுவனங்களிடமும் பெண்கள் குழுக்களிடமும் தீட்டாத அரிசியாகக் கேட்டு வாங்குங்கள். மானாவாரிக் காடுகள் உள்ள ஊரில் உங்களுக்குச் சொந்தமோ செல்வாக்கோ இருக்குமானால், அங்கே உமிநீக்கும் இயந்திரம் இருக்கிறதா, இருந்தால் பழுதின்றி ஓடுகிறதா, அதை இயக்கும் பெண்களுக்குப் போதிய கூலி கிடைக்கிறதா என்று விசாரியுங்கள். இல்லையென்றால், குடியரசு தினத்தன்றும் மே தினத்தன்றும் சுதந்திர தினத்தன்றும் காந்தி ஜயந்தியன்றும் கூடுகிற கிராம சபையில் அந்த ஒரு கோரிக்கையை எழுப்பி, தீர்மானமாக எழுதச் செய்யுங்கள்.